பயணக் குறிப்பு இன்னொருவர் கைக்குப் போகும்போது

கொழும்பில், கொம்பனித்தெரு ரயில் நிலைய வாசலில் ஒரு பின்னேரம், திருச்சியிலிருந்து வந்திருந்த ஓர் இளம் தம்பதி என்னை மறித்து வழி கேட்டார்கள். அவர்களுடைய தொலைபேசியில் யாரோ எழுதிய பயணக் குறிப்பு ஒன்று இருந்தது. ஓர் ஒழுங்கையின் பேர், அதற்குள்ளே மூன்றாவது வீடு, அங்கே மாலையில் கிடைக்கும் பிட்டும் பாபத்தும், ஆளுக்கு ஆகும் செலவு எல்லாம் அதில் இருந்தன. பாபத் என்பது இந்தப் பகுதி மலாய் வீடுகளின் மாட்டிரைப்பைக் கறி. எழுதியவருக்கு ருசியும் தெரிந்திருக்கிறது, தமிழும் தெரிந்திருக்கிறது. "அண்ணே, இது எந்தப் பக்கம்?" என்று அந்தப் பெண் கேட்டார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அந்த ஒழுங்கை இப்போது இல்லை. அது இருந்த இடத்தில் தொடர்மாடி எழும்பிவிட்டது. அங்கே இருந்த சனம் வேறிடங்களுக்குப் போய்விட்டது. குறிப்பை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். எழுதிய திகதி எங்கேயும் போடப்படவில்லை.

அந்தக் குறிப்பை எழுதியவர் ஒரு பொய்யும் எழுதவில்லை. தான் கண்டதைக் கண்டபடி எழுதியிருக்கிறார். ஆனாலும் வெளியூரிலிருந்து வந்த இரண்டு பேர் பசியோடு தெருவில் நின்றார்கள். இந்த நூலின் முந்திய அத்தியாயங்களில் குறிப்பு எழுதுவதைப் பார்த்தோம். இந்த அத்தியாயம் அதை இணையத்தில் மற்றப் பயணிகளோடு பகிர்வது பற்றியது. எழுதுகிற வேலையும் பகிர்கிற வேலையும் ஒன்றல்ல என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கொப்பிகள்

பயணத்தில் எழுதும் கொப்பி உங்களுக்குரியது. அதில் எதையும் எழுதலாம். கால்வலி, காசுக் கணக்கு, கூட வந்தவரோடு பட்ட சண்டை, கோயிலில் அழுத அழுகை எல்லாம் அங்கே இருக்கட்டும். பகிர்கிற குறிப்பு வேறு. அது பின்னால் அதே வழியில் வரப்போகிற, உங்களுக்கு முகம் தெரியாத ஒருவருக்குரியது. முதற் கொப்பியிலிருந்து அவருக்கு வேண்டியதை எடுத்து இரண்டாவது கொப்பியைப் புதிதாக எழுத வேண்டும். அப்படியே படம்பிடித்துப் போடுவதும், ஒரு வரி விடாமல் தட்டச்சுச் செய்து போடுவதும் பகிர்தல் ஆகாது என்பது என் எண்ணம்.

குறிப்பைப் பிறரோடு பகிரும் வழக்கம் இணையத்தோடு வந்ததல்ல. அந்நாளைய சென்னை உச்ச நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஏனுகுல வீராசாமி 1830 மே மாதம் பெரிய பரிவாரத்தோடு காசிக்குப் புறப்பட்டார். 1831 செப்டெம்பரில் திரும்பி வந்தார். அவ்வளவு காலமும் வழிநெடுகக் கண்டதைத் தெலுங்கில் எழுதி, சென்னையில் இருந்த நண்பர் கோமளேசுவரன்பேட்டை சீனிவாச பிள்ளைக்குக் கடிதமாக அனுப்பிக்கொண்டிருந்தார். அவை 1838இல் நூலாக வந்தன. நான் அதில் வியப்பது அவருடைய பக்தியையோ படிப்பையோ அல்ல. எந்த ஊரில் தண்ணீர் நல்லது, எங்கே கடை இருக்கிறது, எங்கே தங்கலாம், அடுத்த ஊர் எவ்வளவு தூரம் என்று நாள் தவறாமல் எழுதிய அக்கறையைத்தான். தனக்குப் பின்னால் யாரோ ஒருவர் இந்த வழியால் வருவார் என்ற நினைப்பு இல்லாமல் அப்படி எழுத முடியாது.

நம்முடைய தமிழில் இத்தகைய குறிப்புகளின் அருமையை நன்றாக உணர்ந்தவர் ஏ. கே. செட்டியார். தானே உலகம் சுற்றி எழுதியவர். அதோடு நிற்காமல், மறந்துபோன பழைய பயணக் கட்டுரைகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்தக் கட்டுரைகள் 1968இல் தொகுப்பாக வந்தன. அவற்றை எழுதிய பலர் பெரிய எழுத்தாளர்கள் அல்லர். ஓர் ஊருக்குப் போனார்கள், எழுதினார்கள், அவ்வளவுதான். இன்று அந்த ஊர்கள் அன்று எப்படி இருந்தன என்று அறிய வேறு வழி இல்லாதபோது அந்த எழுத்துத்தான் கைகொடுக்கிறது.

ஒரு பக்கத்தைத் திருத்திப் பார்ப்போம்

இனி நேரே வேலைக்கு வருவோம். கீழே இருப்பது என் கொப்பியில் இருந்த ஒரு பக்கம். வாசகருக்குக் காட்டுவதற்காகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.

"2025 பெப். 15, சனி. வெள்ளவத்தையில் ரயில் ஏறினோம், பின்னேரம். கூட்டம். கதவடியில் நின்றோம். கடல் நல்ல அமைதி. தம்பியோடு வாய்த்தர்க்கம், பழைய கடன் விஷயம். கொம்பனித்தெருவில் இறங்கினோம். பழைய காலத்து ஸ்டேசன், உள்ளே குளிர்ச்சி. கியூ வீதிக் கோயிலில் பூசை முடிந்துவிட்டது. வேகந்தைப் பள்ளியில் பாங்கு. ஏரிக்கரை நாற்றம். சீமமாலகவில் கொஞ்சம் இருந்தோம். செருப்புக் கடித்தது. சாப்பாடு தாத்தா வீட்டில், இரண்டு பேருக்கும் 900. தாத்தாவின் மகளுக்குக் கம்பஸ் கிடைத்திருக்கிறது. அவருடைய மனுசன் கட்டாரில், மூன்று மாதமாகக் காசு வரவில்லையாம்."

இந்தியாவிலிருந்து வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இங்கே முஸ்லிம் வீடுகளில் மூத்த சகோதரியைத் 'தாத்தா' என்பார்கள். அந்தப் பெண்மணிக்கு அக்கம்பக்கத்தில் எல்லோரும் வைத்த பேர் அது. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், என்னைத் தம்பி என்பார்.

இதிலே பகிரக்கூடியது எது? தம்பியின் கடன் உடனே போக வேண்டும். அது என்னுடையது மட்டுமல்ல, அவனுடையதும். தாத்தாவின் கணவர் விஷயமும் போக வேண்டும். பிட்டு அவித்துக்கொண்டே அவர் என்னிடம் சொன்னது எனக்கு மட்டும் சொன்னது. மகளின் பல்கலைக்கழக அனுமதி சந்தோஷமான செய்திதான். ஆனாலும் ஓர் இளம்பெண் எங்கே படிக்கிறாள், எந்த வீட்டில் இருக்கிறாள் என்று உலகத்துக்கு அறிவிப்பது என் வேலை அல்ல.

அடுத்ததாக, பின்னால் வருகிறவருக்கு எவை குறைகின்றன என்று பாருங்கள். கதவடியில் நின்றதை எழுதிய நான், எந்தப் பக்கம் நின்றால் கடல் தெரியும் என்று எழுதவில்லை. வெள்ளவத்தையிலிருந்து கோட்டைப் பக்கம் போகும்போது கடல் இடது கைப்பக்கம். பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி வரை கூடவே வரும். கொள்ளுப்பிட்டி கழிந்ததும் பாதை உள்ளே திரும்பிவிடும், அடுத்த நிலையம் கொம்பனித்தெரு. புதிதாக வருபவர் கடலைப் பார்த்துக்கொண்டே நின்று இறங்க மறந்துவிடக்கூடாது. இந்த இரண்டு வரிகளும் என் கொப்பியில் இல்லாததற்குக் காரணம், எனக்கு அது பழகிய வழி. பழகியது எதையும் நாம் எழுதுவதில்லை. பகிரும்போது சேர்க்க வேண்டியது பெரும்பாலும் அதுதான்.

"பூசை முடிந்துவிட்டது" என்பதும் அரைச் செய்தி. எத்தனை மணிக்குப் போனேன், எப்போது நடை சாத்துகிறார்கள் என்று குருக்களிடமோ வாசலில் பூ விற்பவரிடமோ கேட்டு எழுதியிருக்க வேண்டும். சீமமாலக ஜெப்ரி பாவா வடிவமைத்த, ஏரிக்கு மேல் மிதப்பதுபோல் இருக்கும் பௌத்த தியான இடம். செருப்பைக் கழற்ற வேண்டும், முழங்கால் மூடிய உடை வேண்டும், மத்தியான வெயிலில் தரை காலைச் சுடும். செருப்புக் கடித்ததை எழுதியவன் தரை சுடுவதை எழுதவில்லை!

ஏரி நாற்றத்தை வைத்திருந்தேன். ஊரைப் பற்றிக் குறையாக எழுதக் கூடாது என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. எந்தப் பக்கத்தில், எந்த மாதத்தில், மழைக்கு முன்னா பின்னா என்று சேர்த்து எழுதினால் அது ஊரைப் பழிப்பதாகாது. வருகிறவர் வேறு பாதையால் நடக்க அது உதவும். பேர ஏரியைப் பராமரிப்பவர்கள் கண்ணில் பட்டாலும் நல்லதே.

திகதியும் காசும்

ஒரு குறிப்பில் ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம் என்றால் திகதியை வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். பகிர்ந்த திகதி போதாது, போய்வந்த திகதி வேண்டும். இந்த நாட்டில் அதன் அருமை மற்ற நாடுகளைவிட அதிகம். யாழ்ப்பாண ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். 1990இல் நின்றுபோன பாதை துண்டு துண்டாகத் திரும்பி வந்தது. 2013 செப்டெம்பரில் கிளிநொச்சி வரை, 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரை, 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரை. "ரயிலில் கிளிநொச்சி வரை போய் அங்கிருந்து பஸ் பிடியுங்கள்" என்று திகதி இல்லாமல் ஒருவர் எழுதியது இன்றும் யாரோ ஒருவரைத் தேவையில்லாமல் நடுவழியில் இறக்கிவிடலாம். தெற்குப் பாதையும் அப்படித்தான். 2019 ஏப்ரல் வரை கரையோரப் பாதையின் முடிவு மாத்தறை. அதன்பிறகு அது பெலியத்தை. கொம்பனித்தெருவுக்குள்ளேயே 2024இல் ரயில் பாதைக்கு மேலால் மேம்பாலம் திறந்தார்கள். அதற்கு முன்பு எழுதிய குறிப்புகளில் கடவையில் காத்துக்கிடந்த கதை இருக்கும்.

காசு விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபா. மே மாதத்தில் அது 360ஐ எட்டியது. அந்த வருடத்துக்கு முன் எழுதிய எந்த விலையும் இன்று யாருக்கும் உதவாது. "மலிவு" என்று எழுதுவது அதைவிட மோசம். எவருக்கு மலிவு? கனடாவிலிருந்து வருகிற நம்மவருக்கா, அட்டனிலிருந்து கொழும்பு பார்க்க வருகிற குடும்பத்துக்கா? தொகையை எழுதுங்கள், எத்தனை பேருக்கு என்று எழுதுங்கள், பக்கத்தில் ஒரு அளவுகோலும் வையுங்கள்: அன்று ஒரு பிளேன்டீ என்ன விலை, அதே தூரத்துக்கு பஸ் கட்டணம் என்ன. பத்து வருடம் கழித்து வாசிப்பவரும் கணக்குப் போட்டுக்கொள்வார்.

ஊரின் பேரை மூன்று விதமாக எழுதுங்கள்

தமிழில் எழுதுகிற இலங்கைப் பயணிக்கு இது தனியான கடமை. நாம் கொம்பனித்தெரு என்கிறோம். சிங்களத்தில் கொம்பஞ்ஞ வீதிய. ஆங்கிலத்தில் நெடுங்காலம் சிலேவ் ஐலண்ட். ஒல்லாந்தர் காலத்தில் அடிமைகளை அடைத்து வைத்த கொடுமையின் நினைவு அந்த ஆங்கிலப் பேரில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆங்கிலத்திலும் கொம்பஞ்ஞ வீதிய என்றே வழங்குவதற்கு 2022இல் அரசு நடவடிக்கை எடுத்தது. ஆனாலும் பழைய வரைபடங்களிலும் ஓட்டோக்காரர்களின் வாயிலும் பழைய பேர் இன்னும் இருக்கிறது. கடிதம் போடுகிறவருக்கு அது கொழும்பு 2. இவை நான்கும் உங்கள் குறிப்பின் தலைப்பிலோ முதல் வரியிலோ இருந்தால்தான் தேடுகிறவர் கண்டெடுப்பார்.

பஸ் ஏறுகிறவருக்கு இது இன்னும் முக்கியம். புறக்கோட்டை என்று நாம் எழுதுவோம், நடத்துநர் "பிட்டகொட்டுவ" என்றோ "பெட்டா" என்றோ கூவுவார். முகத்துவாரம் அவருக்கு மோதர. சிவனொளிபாதமலைக்குப் போகிறவர் ஸ்ரீ பாத என்ற பேரைத் தெரிந்திருக்க வேண்டும். கண்டியில் நின்று யாழ்ப்பாண பஸ் தேடுகிற தமிழ்நாட்டுப் பயணிக்கு "யாபனய" என்ற ஒலி காதில் பழகியிருந்தால் ஒரு பஸ்ஸைத் தவறவிடமாட்டார். காதில் விழுகிற மாதிரியே தமிழில் எழுதிக் கொடுங்கள். எந்த அச்சிட்ட வழிகாட்டியிலும் இதை நான் முறையாகக் கண்டதில்லை. நம் குறிப்புகள் செய்யக்கூடிய பெரிய உபகாரம் இது.

ஜன்னலடியில் வந்த கூட்டம்

தாத்தா வீட்டைப் பற்றி நான் பகிர்ந்த முதற் குறிப்பு நான் மேலே சொன்ன விதிகள் ஒன்றையும் காக்கவில்லை. பல வருடங்களுக்கு முன் எழுதியது. ஒழுங்கையின் பேர், வீட்டு இலக்கம், ஜன்னலுக்குப் பின்னால் அவர் நிற்கும் படம், படத்தின் மூலையில் பள்ளிச் சீருடையில் மகள். எனக்கு அப்போது பெருமையாக இருந்தது. நிறையப் பேர் வாசித்தார்கள், நிறையப் பேர் போனார்கள்.

ஒரு மாதம் கழித்துப் போனபோது தாத்தா பிட்டுக்குழலை இறக்கி வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "தம்பி, சாப்பிட வந்தா சந்தோசம். இவங்க வீட்டப் படம் எடுக்க வாறாங்க. மகள் பின்னேரத்தில வெளிய வாறதில்ல இப்ப."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அன்று ராவே அந்தக் குறிப்பை எடுத்துவிட்டேன். ஆனால் அதற்குள் யாரோ பிரதி எடுத்து வேறிடங்களில் போட்டுவிட்டார்கள். அவர்களை எனக்குத் தெரியாது. ஒவ்வொருவரையும் தேடிக் கெஞ்சி எழுதினேன். சிலர் எடுத்தார்கள், சிலர் பதிலே போடவில்லை.

அதிலிருந்து நான் வைத்திருக்கும் வழக்கங்களைச் சொல்கிறேன். வீட்டில் வைத்துச் சமைத்து விற்பவரை, முகவரியோடு எழுதுவதற்கு முன் அவரிடமே கேட்கிறேன். கேட்கும்போது எழுதியதை வாசித்துக் காட்டுகிறேன், படத்தையும் காட்டுகிறேன். "போடலாமா?" என்று மட்டும் கேட்டால் மரியாதைக்காக எல்லோரும் தலையாட்டுவார்கள். "இதைப் பார்த்து அந்நியர் வருவார்கள், வீட்டுக்கு முன்னால் நிற்பார்கள், சம்மதமா?" என்று கேட்டால்தான் உண்மைப் பதில் வரும். பிள்ளைகளின் முகம் எந்தப் படத்திலும் இல்லை. பெயர்ப்பலகை வைத்து நடத்தும் கடை என்றால் தாராளமாக எழுதலாம். அவர் ஊரை அழைக்கத்தான் பலகை மாட்டியிருக்கிறார்.

கூடப் பயணம் செய்தவர்களுக்கும் இதே உரிமை உண்டு. குடும்பத்தோடு போன யாத்திரையில் அக்கா காலில் கொப்புளங்களோடு படுத்திருக்கும் படம் உங்களுக்குப் பக்திக்குச் சான்றாகத் தெரியலாம். அவருக்கு அப்படித் தெரிய வேண்டிய கட்டாயம் இல்லை. படம் எடுத்தவர் வேறொருவர் என்றால் அவருடைய அனுமதியும் வேண்டும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் படத்துக்கும் எழுத்துக்கும் அதை உருவாக்கியவருக்கே உரிமை கொடுக்கிறது.

வழிபாட்டிடங்களும் காவல் இடங்களும்

2019 ஜனவரியில் பல்கலைக்கழக மாணவர் எட்டுப் பேர் கைதானது பலருக்கு நினைவிருக்கும். ஹொரவப்பொத்தானைப் பக்கம் கிரலாகல என்ற தொல்லியல் இடத்தில் பழைய தூபியின் மேல் ஏறி நின்று எடுத்த படம் முகநூலில் பரவியது. ஏறியதும் தவறு, பகிர்ந்ததும் தவறு. ஏறிய அன்று ஒருவரும் கேட்கவில்லை, படம்தான் அவர்களை மறியலுக்குக் கொண்டுபோனது. புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுப்பதும் இந்த நாட்டில் மனதைப் புண்படுத்தும் செயல். சீகிரியா ஓவியங்களைப் படம் எடுக்க அனுமதி இல்லை. நம் கோயில்களில் மூலஸ்தானத்தைப் படம் எடுப்பதும் வழக்கமில்லை. பள்ளிவாசலில் தொழுகிறவர்களுக்கு முன்னால் போய்த் தொலைபேசியை நீட்டுவது அநாகரிகம். அந்தந்த இடத்து வழக்கத்தை உங்கள் குறிப்பில் எழுதிவிடுங்கள். அடுத்தவருக்கு ஒரு சங்கடம் குறையும்.

கொம்பனித்தெருவில் நடக்கிறவர் பாதுகாப்பு இடங்களின் மதிலோரம் போக நேரும். அங்கே படம் வேண்டாம். ஆளில்லா விமானத்தைப் பறக்கவிட சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையின் அனுமதி வேண்டும், ஏரி அழகாக இருக்கிறது என்பதற்காகப் பறக்கவிட முடியாது.

நடந்த பாதையைத் தொலைபேசியே கோடாக வரைந்து கொடுக்கும் செயலிகள் இப்போது பலரிடம் இருக்கின்றன. நல்ல வசதி. ஆனால் 2018 ஜனவரியில் நடந்ததைத் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்ட்ராவா என்ற உடற்பயிற்சிச் செயலி, தன் பயனாளர்கள் ஓடிய பாதைகளை எல்லாம் சேர்த்து உலக வரைபடமாக வெளியிட்டிருந்தது. பாலைவனங்களுக்கு நடுவே இருந்த இராணுவ முகாம்களின் உருவம் அதில் வெளிச்சமாகத் தெரிந்தது. உங்கள் பாதைக்கோடும் பெரும்பாலும் உங்கள் வீட்டு வாசலில்தான் தொடங்கும். பகிர்வதற்கு முன் முதல் அரைக் கிலோமீற்றரையும் கடைசி அரைக் கிலோமீற்றரையும் வெட்டிவிடுங்கள்.

படங்களுக்குள்ளும் இடம் ஒளிந்திருக்கும். தொலைபேசிக் கமராவின் அமைப்புகளில் இடக்குறி என்பதை அணைக்காவிட்டால், ஒவ்வொரு படமும் எடுத்த இடத்தைத் தன்னோடு சுமந்துகொண்டு போகும். வட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படமாக அனுப்பினால் அந்தத் தகவல் கழன்றுவிடும், ஆவணமாக அனுப்பினால் அப்படியே போகும். இதை அறியாமல் நல்ல தரத்துக்காக ஆவணமாக அனுப்புகிறவர்கள் பலர்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். இருக்கும் இடத்திலிருந்து பகிராதீர்கள். அங்கிருந்து புறப்பட்ட பிறகு பகிருங்கள். தனியாகப் போகும் பெண்கள் தங்கும் விடுதியின் பேரைக் கணக்கு முடித்து வெளியேறிய பின்பே எழுத வேண்டும். குடும்பம் முழுவதும் கதிர்காமத்தில் நிற்கிறது என்று அறிவிப்பது கொட்டாஞ்சேனை வீடு பூட்டிக் கிடக்கிறது என்று அறிவிப்பதுதான்.

நடந்து போகிறவர்களுக்கு எழுதுவது

கதிர்காமப் பாதயாத்திரை இந்த அத்தியாயத்தில் தனியாக வருவதற்குக் காரணம் உண்டு. செல்வச்சந்நிதியில் தொடங்கி, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில் வழியாக உகந்தை முருகன் வரை வந்து, அங்கிருந்து குமண, யால காடுகளுக்குள் இறங்குகிறார்கள். வாரக்கணக்கான நடை. அங்கே பிழையான குறிப்பு உயிருக்கே ஆபத்தாகலாம். "குமுக்கன் ஆற்றில் தண்ணீர் உண்டு" என்று எழுதினால் போதாது. எந்தத் திகதியில், முழங்காலளவா இடுப்பளவா, குடிக்கும் நிலையிலா, எந்த ஓரத்தில் மணலைத் தோண்டி எடுத்தீர்கள் என்று எழுத வேண்டும். அடுத்த தண்ணீர் எத்தனை மணி நேர நடையில் என்பதை உங்கள் வேகத்தில் எழுதாதீர்கள், குழுவில் மிக மெதுவாக நடந்த அம்மாவின் வேகத்தில் எழுதுங்கள். காட்டு வழியில் வியாழையில் யானை நின்ற இடம், கட்டகாமத்தில் எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தீர்கள் என்பவையும் வேண்டும். காட்டுப்பாதை திறக்கும் நாள் வருடாவருடம் அறிவிக்கப்படுவது. சென்ற வருடத் திகதியை இந்த வருடத்துக்கும் பொருந்துவதுபோல் எழுதிவிட வேண்டாம்.

காட்டுக்குள் சிக்னல் கிடையாது, மின்கலம் இரண்டாம் நாளே தீர்ந்துவிடும். ஆகவே இந்தக் குறிப்பை ஒரே தாளில் அச்சிடக்கூடிய அளவில் எழுதுங்கள். தண்ணீர், தங்கல், தூரம், ஆபத்து, அவ்வளவும் அந்தத் தாளில் அடங்க வேண்டும். உணர்வுகளை எழுத வேறு பக்கம் இருக்கிறது. குமணவில் பறவைகள் கூடு கட்டும் மரங்களின் சரியான இடத்தை மட்டும் எழுதாதீர்கள். யாத்திரிகர்கள் போன பிறகும் அந்த வழியால் ஆட்கள் வருவார்கள்.

பொதுவாக எல்லாப் பயணங்களுக்கும் ஒரு சட்டகம் வேண்டும் என்றால், இலங்கைப் பயணிகளின் 'லக்தசுன்' சமூகத்தார் தங்கள் பயண அறிக்கைகளுக்குப் பின்பற்றும் முறையைப் பாருங்கள். எந்த மாதம், எத்தனை நாள், எத்தனை பேர், தங்கிய இடம், போன வாகனம், காலநிலை, பாதை, கவனிக்க வேண்டியவை என்று தலையிலேயே கொடுத்துவிட்டு, பிறகுதான் கதையைத் தொடங்குவார்கள். அவசரக்காரர் தலையை மட்டும் வாசிப்பார். ஆறுதலாக இருப்பவர் முழுவதையும் வாசிப்பார். தமிழிலும் இந்த ஒழுங்கு வர வேண்டும் என்று எனக்கு ஆசை.

எழுத்தும் சேமிப்பும்

நம் மூத்தவர்கள் பலர் இன்னும் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்கிறார்கள். அதை அப்படியே ஒட்டினால் வாசிப்பவருக்கு ஆங்கில எழுத்துக்களின் குவியல்தான் தெரியும், தேடினாலும் அகப்படாது. ஒருங்குறிக்கு மாற்றிய பிறகு ஒருமுறை கண்ணால் வாசியுங்கள். இலக்கங்களைத் தனியாகச் சரிபாருங்கள்.

எந்தத் தளத்தையும் நம்பி ஒரே பிரதியை அங்கே வைக்காதீர்கள். பயண நாட்குறிப்புகளுக்கென்றே 1997இல் தொடங்கிய டிராவல்பொட் இருபது வருடம் நடந்து 2017இல் மூடப்பட்டது. ஜியோசிற்றீஸில் இருந்த எண்ணற்ற தனிப்பட்ட பக்கங்கள் 2009இல் போயின. உங்கள் குறிப்பின் பிரதி கணினியில் ஒன்று, வேறொரு வன்தட்டில் ஒன்று, முடிந்தால் தாளில் ஒன்று இருக்க வேண்டும். தொடராகப் பல வருடம் எழுதியவர்கள் அதை நூலாகத் தொகுத்து நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்துக்குக் கொடுப்பதைப் பற்றி யோசியுங்கள். 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களைச் சேர்த்துவரும் இடம் அது.

வீட்டில் கிடக்கும் பழைய டயறிகளையும் அப்போது எடுத்துப் பாருங்கள். கொம்பனித்தெருவில் ரியோ திரையரங்கு 1965இல் திறந்தது, 1983 யூலையில் எரிந்தது. கட்டடம் கரிந்த சுவரோடு நெடுங்காலம் நின்றது. அந்தப் பதினெட்டு வருடங்களில் யாழ்ப்பாணத்திலிருந்தோ மலையகத்திலிருந்தோ கொழும்புக்கு வந்து, ரியோவில் படம் பார்த்து, டிக்கட் இவ்வளவு, பிறகு இன்ன கடையில் தேத்தண்ணி என்று இரண்டு வரி எழுதிய எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். உங்கள் அப்பாவின் பெட்டிக்குள் அப்படி ஒரு பக்கம் இருந்தால், அதில் குடும்ப விஷயங்களை மறைத்துவிட்டு, திகதியோடு பகிருங்கள்.

திரும்பிப் போய்ப் பார்ப்பது

பகிர்ந்த குறிப்புக்கு வருடத்துக்கு ஒரு தடவையாவது போக வேண்டும். வாசித்துவிட்டுப் போனவர் "கடை பூட்டியிருக்கிறது", "பஸ் நேரம் மாறிவிட்டது" என்று எழுதினால் நன்றி சொல்லி, அவர் சொன்னதைத் திகதியோடு மேலே சேர்த்துவிடுங்கள். பழைய வரியை அழிக்க வேண்டாம். அது அன்றைய நிலையின் பதிவு, பக்கத்தில் புதியது இருந்தால் போதும்.

தாத்தா வீட்டுக் குறிப்பை மறுபடி எழுத எனக்குத் துணிவு வருவதற்கு நாளானது. கடைசியில் எழுதி, அவருக்கு முன்னால் இருந்து வாசித்துக் காட்டினேன். ஒரு சொல்லை மாற்றச் சொன்னார். "மலிவு" என்று பழக்கதோஷத்தில் எழுதியிருந்தேன், அது வேண்டாம் என்றார். இப்போது அது இப்படி இருக்கிறது:

"கொம்பனித்தெரு (கொம்பஞ்ஞ வீதிய, சிலேவ் ஐலண்ட், கொழும்பு 2). போனது: 2025 பெப்ரவரி 15, சனி, பின்னேரம். வெள்ளவத்தையிலிருந்து ரயில், இடது பக்கம் கடல், கொள்ளுப்பிட்டிக்கு அடுத்த நிலையத்தில் இறங்கவும். மலாய் வீட்டுச் சாப்பாடு: பிட்டு, பாபத், இரண்டு பேருக்கு 900 ரூபா. கடை அல்ல, வீடு. ஆகையால் இடம் எழுதவில்லை. நிலையத்தில் இறங்கிப் பள்ளிவாசல் பக்கமாக நடந்து, ஓட்டோ நிறுத்துமிடத்தில் விசாரித்தால் காட்டுவார்கள். மாலை ஆறுக்குப் பிறகு, ஞாயிறு இல்லை. படம் எடுக்க வேண்டாம். கடைசியாகச் சரிபார்த்தது: 2025 ஒக்டோபர்."